காருக்கும் கணப்பு!

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஃபேர்லேண்ட்ஸில் காலை வேளையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். சாரதா கல்லூரிச் சாலையில் உலாவப் போகிற பெரியவர்கள் அத்தனை பேரும் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, ஏதோ இமயமலைக்கு யாத்திரை புறப்பட்டவர்களைப் போல நடப்பார்கள். "என்ன குளிர், என்ன குளிர்!" என்று ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வார்கள். வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தால், சேலத்தில் அன்றைய குறைந்தபட்ச வெப்பம் 18, 19 டிகிரி என்று போட்டிருக்கும்!

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். தேங்காயெண்ணெய் புட்டிக்குள்ளேயே உறைந்து, கவிழ்த்தாலும் சொட்டு விழாத நாட்களில், அதை மாடியில் வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இதைவிடக் குளிர் உலகத்தில் உண்டா?" என்று நினைத்தவள். 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் கனடா தேசத்து வின்னிபெக் நகரத்தில் போய் இறங்கிய பிறகுதான், குளிர் என்றால் என்ன என்று தெரிந்தது.

என் பெண்ணுக்கு அங்கே பிரசவம். அம்மா போகாமல் முடியுமா? சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு லேகியம் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு மூச்சு இழுத்தேனோ இல்லையோ, மூக்குக்குள்ளே இருந்த ஈரம் அப்படியே உறைந்து முள்ளாய்க் குத்தியது! பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி என்றார் மாப்பிள்ளை. "இது ஒன்றும் பெரிசில்லை, அத்தை. இன்னும் இருக்கு" என்று தைரியம் வேறு சொன்னார்.

அவர்களுடைய கார் வீட்டு வாசலில் வெட்டவெளியில்தான் நிற்கும். முதல் நாளே என் கண்ணில் ஓர் அதிசயம் பட்டது. காரின் மூக்குக்குக் கீழே, முன்பக்கத்துக் கம்பித் தட்டி வழியாக, மூன்று முனை பிளக் ஒன்று நாக்கு மாதிரி தொங்கிக் கொண்டிருந்தது. அக்கம் பக்கத்துக் கார்கள் எல்லாவற்றிலும் அப்படியே. "ஏண்டி, இந்த ஊரிலே எல்லாரும் கரண்டில் ஓடுகிற காரா வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இல்லேம்மா. இது பெட்ரோல் கார்தான். ராத்திரியிலே எஞ்சினுக்குக் குளிராம இருக்கிறதுக்கு இது. பிளாக் ஹீட்டர்னு பேரு."

காருக்குக் கணப்பா! நம் ஊரில் காருக்கு உள்ள கஷ்டமே வேறு அல்லவா? அந்தக் காலத்தில் ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பும். வண்டியை ஓரங்கட்டி, மூடியைத் திறந்து வைத்து, ஆறின பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். எஞ்சினைக் குளிர வைப்பதற்காகப் பாடுபட்ட நமக்கு, அதற்கே சூடு காட்டுகிறார்கள் என்றால் வேடிக்கையாக இராதா?

ஆனால் காரணத்தைக் கேட்டபோது, நம் சமையலறையில் தினமும் பார்க்கிற விஷயமாகவே இருந்தது.

முதல் கஷ்டம் எண்ணெய்க்கு. நம் தேங்காயெண்ணெய் மார்கழியில் இறுகுவது போல, எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயும் கடுங்குளிரில் பாகாய்த் தடித்துவிடுகிறது. அது ஓடிப்போய் எல்லா இடத்துக்கும் சேருவதற்குள் இரும்போடு இரும்பு உரசித் தேய்கிறது. இரண்டாவது, பாட்டரி. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக்குப் போனால் அதன் பலம் பாதியாகிவிடும். அதாவது, எஞ்சினைச் சுற்றுவதற்கு அதிக பலம் வேண்டிய சமயத்தில்தான் பாட்டரி நோஞ்சானாக நிற்கிறது! மூன்றாவது, பெட்ரோல். குளிரில் அது சரியாக ஆவியாவதில்லை. ஆவியாகாத பெட்ரோல் சுலபமாகப் பற்றுவதும் இல்லை.

ரேடியேட்டரிலும் எஞ்சினைச் சுற்றியும் ஓடுவது வெறும் தண்ணீராக இருந்தால் அது உறைந்து, பருத்து, இரும்பையே பிளந்துவிடும். ஆகையால் உறையாமல் இருக்க ஒரு மருந்தைக் கலந்து வைக்கிறார்கள். சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி வரைக்கும் பயமில்லை. பிளாக் ஹீட்டர் என்பது இந்தக் கலவைக்குள் அமிழ்ந்திருக்கும் சின்ன மின்சாரக் கம்பிதான். வாளித் தண்ணீரைக் காய வைக்க நாம் போடுகிறோமே, அதே மாதிரி. கலவை சூடானால் சுற்றியுள்ள இரும்பும் சூடாகிறது, எண்ணெயும் இளகுகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் சிரமமில்லாமல் எஞ்சின் புறப்படுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் நம் வீட்டோடு சம்பந்தப்பட்டதுதான். வின்னிபெக் வழியாக ஓடும் சிவப்பு ஆறு, தெற்கே அமெரிக்காவிலிருந்து வருகிறது. அந்த ஆற்றங்கரையிலேயே, வடக்கு டகோட்டா மாகாணத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஓர் ஊர். அங்கே ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ற மின்சார எஞ்சினீயர் இருந்தார். கிராமங்களுக்கு மின்சாரம் தரும் கூட்டுறவுச் சங்கத்தை நிர்வகித்தவர். காலையில் கார் கிளம்பாத தொல்லை தாங்காமல், கொஞ்சம் தாமிரக் குழாயையும், பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூட்டுக் கம்பியையும் வைத்து, எஞ்சினுக்கு ஒரு கணப்புச் செய்தார். எஞ்சினின் தலைப்பக்கத்திலுள்ள ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதைப் பொருத்தினார். 1949-ல் அதற்குப் பேடண்ட் உரிமையும் கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் ராத்திரி வண்டியிலிருந்து எண்ணெயை வடித்து வீட்டுக்குள் எடுத்துவந்து, காலையில் அடுப்பில் சுட வைத்து மறுபடியும் ஊற்றுவார்களாம்! ஓட்டை இஸ்திரிப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன் இனி ஒரு தடவை யோசியுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் இருந்த பிளக்குக்கு ஸ்விட்ச் சமையலறைக் கதவோரத்தில் இருந்தது. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் கார் மூக்கிலுள்ள கம்பியை மாட்டிவிட்டு உள்ளே வந்து ஸ்விட்சைப் போடுவார். விடிகிற வரைக்கும் அது எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆள் இல்லாத அறையில் விளக்கெரிந்தால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும் என்கிற ஜாதி நான். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். "ஒரு ராத்திரி இல்லாவிட்டால் கார் என்ன செத்தா போய்விடும்? பிரசவச் செலவு வேறு இருக்கிறது" என்று எண்ணிக்கொண்டு, எல்லோரும் படுத்த பிறகு, அந்த ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

அன்றைக்குக் குழந்தை பிறந்து நான்காம் நாள். உடம்பெல்லாம் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு இது சகஜந்தான். ஆனாலும் அளவு மீறிவிட்டால் ஆபத்து. "நாளைக் காலை 8 மணிக்குக் கட்டாயம் கொண்டு வாருங்கள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

விடிந்தது. விடிந்தது என்று பேர்தான். அந்த ஊரில் ஜனவரியில் 8 மணி வரைக்கும் சூரியனே எட்டிப் பார்ப்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 31 டிகிரி. குழந்தையைப் பொட்டலமாய்ச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மாப்பிள்ளை சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. உர்... உர்... ர்... அப்புறம் சத்தமே இல்லை.

எனக்குச் சொரேர் என்றது. பெண் உள்ளே துணி மாற்றிக் கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன்? குழந்தையோடு மெதுவாக எழுந்துபோய், யாருக்கும் தெரியாமல் அந்த ஸ்விட்சை மறுபடியும் தட்டிவிட்டேன்! திருடி நகையைத் திரும்ப வைக்கிற மாதிரி.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஸ்விட்சைப் பார்த்தார். போட்டபடியே இருந்தது. வெளியே போய் பிளக்கைப் பார்த்தார். மாட்டியபடியே இருந்தது. ஒன்றும் புரியாமல் நின்றார்.

"ஏங்க, ராத்திரி பிளக்கைச் சரியா மாட்டினீங்களா?" என்றாள் பெண்.

"மாட்டினேனே!"

"மாட்டியிருந்தா ஏன் கிளம்பலே? குழந்தை விஷயத்திலே கூடவா இப்படி அசட்டையா இருக்கிறது?" அவள் குரல் தழுதழுத்தது. பிள்ளை பெற்ற உடம்பு, பயம் வேறு.

அவர் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் என் மனசை உறுத்துகிறது.

அடுத்த வீட்டில் ஒரு வயோதிகர் இருந்தார். விஷயம் தெரிந்ததும் தம் காரை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போக அந்த ஊர்ச் சட்டம் இடம் தராது. அதற்கென்று உள்ள ஆசனத்தில் வைத்துக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த ஆசனத்தை எங்கள் காரிலிருந்து கழற்றி அவர் காரில் பொருத்த வேண்டியிருந்தது. கையுறையோடு அந்தக் கொக்கி மாட்ட வரவில்லை. மாப்பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் மாட்டினார். ஐந்தாறு நிமிஷம் இருக்கும். உள்ளே வந்தபோது விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைக்கு மஞ்சள் அளவு பயப்படும்படி இல்லை. நான் சேலத்திலுள்ள அத்தனை தெய்வங்களுக்கும் வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை டெலிபோனில் ஒர்க்‌ஷாப்காரரோடு பேசிக் கொண்டிருந்தார். ஹீட்டர் எரிந்துபோயிருக்க வேண்டும், கழற்றிப் பார்க்க என்ன செலவாகும் என்று விசாரித்தார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாப்பிள்ளே, ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாங்க. ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ஸ்விட்சை அணைச்சது நான்தான்."

"அம்மா!" என்றாள் பெண்.

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே மின்சார அடுப்பின் பெட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே இட்லி மாவுப் பாத்திரம். பக்கத்தில் சின்ன விளக்கு எரிந்து கொண்டிருந்தது. குளிரில் மாவு பொங்குவதில்லை என்று, அடுப்பை மூட்டாமல் அந்த விளக்கை மட்டும் போட்டு வைத்து, அந்தச் சூட்டில் மாவைப் புளிக்க வைப்பது அங்கே நம்மவர்கள் கண்ட உபாயம். முதல் நாளே பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அத்தை, இந்த விளக்கு எதுக்கு ராத்திரி பூரா எரியுது?"

"மாவு பொங்க வேண்டாமா?"

"காருக்கும் அதே கதைதான், அத்தை!" என்று சிரித்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெண் தலைகுனிந்து நின்றாள். அன்று ராத்திரி அவள் தன் புருஷன் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொண்டிருந்ததைக் கண்டும் காணாதவள் போல வந்துவிட்டேன்.

ஆனால் மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். "உங்க பேரிலே மட்டும் தப்பில்லை, அத்தை. விடிய விடிய இதைப் போட்டு வைக்கணும்கிற அவசியமே இல்லை. புறப்படறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலே போட்டாப் போதும். காலையிலே 5 மணிக்கு எழுந்து யார் போடறதுன்னு சோம்பல் எனக்கு!"

உடனே நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அந்தக் காரிலிருந்த ஹீட்டர் 600 வாட்ஸ். பத்து மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். இரண்டு மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மானிட்டோபா மாகாணத்தில் மின்சாரம் அநேகமாக முழுவதும் ஆற்று நீரிலிருந்து எடுப்பது. அதனால் விலை சல்லிசு. அங்கே கரண்ட் பில்லுக்கே 'ஹைட்ரோ பில்' என்றுதான் பெயர். அன்றைக்கு யூனிட் 8, 9 சென்ட். ஒரு ராத்திரி முழுக்க எரிந்தாலும் அரை டாலர்; நம் பணத்தில் முப்பது ரூபாய்க்கு முன்பின். அந்த முப்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அத்தனை அமர்க்களம்!

மறுநாளே மாப்பிள்ளை ஒரு டைமர் வாங்கி வந்தார். நேரத்தைத் திருப்பி வைத்துவிட்டால், காலை 5 மணிக்குத் தானாகவே மின்சாரம் பாயும். நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய சோம்பலுக்கும் என் சிக்கனத்துக்கும் ஒரே மருந்து! எஞ்சின் சூடாகப் புறப்பட்டால் பெட்ரோலும் மிச்சம். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் 10 சதவிகிதம் வரையில் மிச்சமாகும் என்று கனடா சர்க்காரின் இயற்கை வள இலாகாவே சொல்கிறது. சிக்கனம் என்பது அணைப்பதில் மட்டும் இல்லை, வேளையறிந்து போடுவதிலும் இருக்கிறது என்று அறுபது வயதுக்கு மேல் எனக்குப் புத்தி வந்தது.

"இதெல்லாம் கனடா சமாசாரம், நமக்கென்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்து லாரிகள் போகாத இடம் பாரத தேசத்தில் உண்டா? வடக்கே பனிமலைப் பிரதேசங்களில் டிரைவர்களுக்கு இதே கஷ்டந்தான். டீஸலுக்குள் ஒருவித மெழுகு இருக்கிறது. கடுங்குளிரில் அது திரிந்து, வடிகட்டியில் அடைத்துக்கொண்டுவிடும். டீஸல் டாங்கிக்குக் கீழேயே நெருப்பை மூட்டி இளக வைப்பார்கள் என்று கேட்டால் வயிற்றைக் கலக்குகிறதல்லவா? 2019 நவம்பரில்தான் லடாக்கில், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீஸலை இந்தியன் ஆயில் நிறுவனம் பங்குகளில் விற்க ஆரம்பித்தது. உங்கள் தெருவிலும் ஒரு லாரி டிரைவர் வீடு இருக்கலாம். அந்த வீட்டு அம்மாளுக்கு இந்த விஷயத்தைச் சொல்லுங்கள்.

குளிர் தேசத்தில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற தாய்மார்களுக்கு இன்னும் சில வார்த்தை. அங்கே போனால் காரின் மூக்கில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக்கும் இறங்கும் நாட்களில் அதை மாட்டினார்களா என்று ஞாபகப்படுத்துங்கள். வெளியில் உபயோகிப்பதற்கென்றே செய்த, தடித்த, மூன்று முனைக் கம்பிதான் வேண்டும். வீட்டுக்குள் போடும் மெல்லிய ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். தோல் உரிந்த ஒயரைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். காரைக் கிளப்பும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் அதையும் இழுத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு!

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. ஹீட்டர் இல்லாதவர்கள் சிலர், கார்க் கொட்டகைக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடு பண்ணுவார்கள். அதை ஒருக்காலும் அனுமதிக்காதீர்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தாலும் அது வீட்டுக்குள் புகுந்துவிடும். தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். வெட்டவெளியில் நிற்கும் காரானாலும், பின்பக்கத்துப் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட்ட பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

நான் மூன்று மாதம் இருந்துவிட்டு ஃபேர்லேண்ட்ஸ் திரும்பினேன். இப்போது மார்கழி மாதம் மப்ளர் கட்டிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டிக்கொள்கிறேன், நம் குளிர் நமக்கு! அன்றைக்கு மஞ்சள் பூத்துக் கிடந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஒவ்வொரு வருஷமும் அங்கே பனி விழ ஆரம்பித்ததும் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்துவிடும்.

"அத்தை, இன்னிக்கு மைனஸ் முப்பது. கார் சாவியைத் தொட்டதும் கிளம்பிடுச்சு!"

"சந்தோஷம் மாப்பிள்ளே. டைமர் நல்லா வேலை செய்யுதுங்களா?"

"டைமர் நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஸ்விட்சுப் பக்கத்திலே நீங்க இல்லை பாருங்க, அதுதான் காரணம்!"